அழகுக்காக வளர்க்கும் வியாதி!

பாம்பு என்றால் படையும் நடுங்கும் என்பார்கள்.

நம் ஊரில் பாம்பைக் கண்டால் சிலர் கம்பைத் தேடுவார்கள். சிலர் கும்பிட்டுப் பால் வார்ப்பார்கள். எப்படியானாலும், அது தன் வழியே போய்விட்டால் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பல வீடுகளில் பாம்பு செல்லப் பிராணி! நாய், பூனை வளர்ப்பது போலப் பாம்பு வளர்க்கிறார்கள். அதற்குத் தனிப் பெட்டி. குளிர் தாக்காமல் இருக்கச் சூடு. சாப்பிட எலி. ஐரோப்பாவிலும் இப்படித்தான்.

வளர்ப்பதோடு நிற்கவில்லை. ஆண் பாம்பையும் பெண் பாம்பையும் இணை சேர்க்கிறார்கள். முட்டைகளைப் பொரிக்க வைக்கிறார்கள். குட்டிகளைச் சந்தை கூட்டி விற்கிறார்கள். இது ஒரு பெரிய தொழில்.

அந்தச் சந்தையில் நிறத்துக்குத்தான் விலை. புதுமையான நிறம் என்றால் பணத்தைக் கொட்டிக் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். அது அவர்கள் பணம். ஆனால், நிறத்தைத் தேடிப் போனவர்கள் ஒரு வியாதியையும் சேர்த்து வளர்த்துவிட்டார்கள். தெரியாமல் தொடங்கினார்கள். தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை.

அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

பந்துப் பாம்பு

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு மலைப்பாம்பு இருக்கிறது. கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளில் இது மிகுதி. இதற்கு ஆங்கிலத்தில் "பால் பைத்தான்" என்று பெயர். பால் என்றால் குடிக்கிற பால் அல்ல, பந்து!

ஏன் இந்தப் பெயர்?

பயம் வந்தால் இந்தப் பாம்பு சீறுவதை விட ஒளிவதையே விரும்பும். உடம்பைச் சுருட்டிப் பந்து போல ஆக்கிக்கொள்ளும். தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். அவ்வளவு சாது!

விஷம் கிடையாது. நீளம் மூன்று அடி முதல் ஐந்து அடி வரை. கையில் எடுத்தால் பேசாமல் இருக்கும். அதனால்தான் உலகம் முழுவதும் பாம்பு வளர்ப்பவர்கள் இதை விரும்புகிறார்கள்.

பெனின் நாட்டில் வீடா என்ற ஊரில் இந்தப் பாம்புகளுக்குக் கோயிலே இருக்கிறது. அங்கே இவற்றை யாரும் அடிக்க மாட்டார்கள்.

இந்தப் பாம்பு நல்ல தாய். ஒரு தடவையில் மூன்று முதல் பதினோரு முட்டை வரை இடும். முட்டைகளைச் சுற்றி வளைந்து படுத்துக்கொள்ளும். ஏறத்தாழ இரண்டு மாதம் அப்படியே காவல் இருக்கும். அதுவரை பெரும்பாலும் பட்டினிதான்!

ஆயுளும் அதிகம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20, 30 ஆண்டு இருக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயி நகர மிருகக்காட்சி சாலையில் ஒரு பெண் பாம்பு இருந்தது. 1961-ம் ஆண்டில் அங்கே வந்தது. 2020-ம் ஆண்டில் அது ஏழு முட்டை இட்டது! அப்போது அதற்கு 60 வயதுக்கு மேல். பதினைந்து ஆண்டுக்கு மேலாக அது ஆண் பாம்பைப் பார்த்ததே இல்லை!

இதை எதற்குச் சொல்கிறோம்? ஒரு பாம்புக் குட்டியை நோயோடு பிறக்க வைத்தால், அது நாலு நாள் துன்பம் அல்ல. பல ஆண்டுத் துன்பம்.

நிறம் வந்தது, விலை வந்தது

காட்டில் இருக்கும் பந்துப் பாம்புக்குப் பெரிய பகட்டு இல்லை. கரும்பழுப்பு நிறம். அதில் வெளிர் பழுப்புத் திட்டுகள். காய்ந்த சருகுக்குள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதுதான் அதற்குப் பாதுகாப்பு.

எப்போதாவது நிறம் மாறி ஒரு குட்டி பிறப்பது உண்டு. வெள்ளையும் மஞ்சளுமாக ஒன்று பிறக்கும். கண் சிவப்பாக இருக்கும். காட்டில் இது எளிதில் பகையின் கண்ணில் பட்டுவிடும்.

இப்படிப்பட்ட ஒரு வெள்ளைப் பாம்பை அமெரிக்காவில் வளர்த்தார்கள். 1992-ம் ஆண்டில் அந்த வகைக் குட்டிகளை வீட்டிலேயே பொரிக்க வைத்தார்கள்.

அதுதான் தொடக்கம்.

நிறம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது என்று தெரிந்தது. இந்த நிறத்தையும் அந்த நிறத்தையும் சேர்த்தால் மூன்றாவது நிறம் வரும் என்று தெரிந்தது. பிறகு கேட்க வேண்டுமா? மஞ்சள், ஆரஞ்சு, சாம்பல், தூய வெள்ளை, புள்ளி, கோடு என்று ஆயிரக்கணக்கான வகைகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை.

1999-ம் ஆண்டில் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு புதுவகைப் பாம்பு அமெரிக்காவுக்கு வந்தது. அதன் உடம்பில் மெல்லிய கறுப்புக் கோடுகள். பார்த்தால் சிலந்தி வலை பின்னியது போல இருந்தது. "ஸ்பைடர்" என்று பெயர் வைத்தார்கள். ஸ்பைடர் என்றால் சிலந்தி.

கொள்ளை அழகு! எல்லோரும் கேட்டார்கள். ஏராளமாகக் குட்டிகளைப் பெருக்கினார்கள்.

தலை சுற்றுகிறது!

சிலந்திக் குட்டிகளை வளர்த்தவர்கள் விரைவில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள்.

குட்டியின் தலை ஆடுகிறது! சிலதுக்கு லேசாக நடுங்குகிறது. சிலதுக்கு உருண்டு திரும்பி, தலைகீழாகப் போகிறது. எலியை நோக்கிப் பாய்ந்தால் குறி தவறுகிறது. மல்லாந்துவிட்டால் நிமிர முடியாமல் தவிக்கிறது. பயந்தாலோ, பசியில் பரபரத்தாலோ ஆட்டம் இன்னும் கூடுகிறது.

இது ஏதோ ஒரு குட்டிக்கு வந்த நோய் அல்ல. சிலந்திக் கோடு எங்கே இருக்கிறதோ அங்கே இந்த ஆட்டமும் இருக்கிறது. கூடலாம், குறையலாம். ஒரு பாம்பிடம் இன்று தெரியாமல் இருந்து நாளை தெரியலாம்.

சிலந்திப் பாம்பு ஒன்றைச் சாதாரணப் பாம்போடு சேர்த்தால், குட்டிகளில் சுமார் பாதிக்கு இந்தக் கோடு வரும். கோடு வந்த குட்டிக்குக் கோளாறும் வரும். அழகையும் நோயையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறது இயற்கை. ஒன்றை மட்டும் பிரித்து எடுக்க யாராலும் முடியவில்லை.

ரசமட்டம் கெட்டுப்போனால்...

இந்த ஆட்டத்துக்குக் காரணம் என்ன?

கொத்தனார் சுவர் எழுப்பும்போது ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். சுவர் நேராக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று அது காட்டும். நம் ஒவ்வொருவர் காதுக்குள்ளும் அப்படி ஒரு ரசமட்டம் இருக்கிறது! நீர் நிறைந்த நுண்ணிய குழாய்களும் பைகளும் சேர்ந்த உறுப்பு அது. நாம் நிமிர்ந்து நிற்கிறோமா, சாய்கிறோமா என்று மூளைக்குச் சொல்வது அதுதான். அதில் கோளாறு வந்தால் தலை சுற்றும். நிற்க முடியாது.

பாம்புக்கு வெளிக்காது இல்லை. ஆனால் உட்காது உண்டு. அதிலும் இந்த ரசமட்டம் உண்டு.

2022-ம் ஆண்டில் ஜெர்மன் விஞ்ஞானிகள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சிலந்திப் பாம்புகளின் தலையை நுண்ணிய எக்ஸ்ரே படங்கள் மூலம் ஆராய்ந்தார்கள். சாதாரணப் பாம்புகளின் தலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிலந்திப் பாம்பின் காதுக்குள் இருந்த குழாய்களும் பையும் உருக்குலைந்து இருந்தன!

ஆக, இது பழக்கமும் அல்ல, விளையாட்டும் அல்ல. பிறவிக் குறை. மருந்து கிடையாது. அந்தப் பாம்புக்கு மேல் எது, கீழ் எது என்பதே சரியாகத் தெரிவதில்லை.

"சாப்பிடுகிறதே!" என்கிறார்கள்

இதை வளர்த்து விற்பவர்கள் ஒரு நியாயம் சொல்கிறார்கள்.

"பாம்பு சாப்பிடுகிறது, குட்டி போடுகிறது, பல ஆண்டு வாழ்கிறது. பிறகு என்ன குறை?" என்று கேட்கிறார்கள்.

சாப்பிடுவது மட்டும் சுகம் ஆகிவிடுமா? தலைசுற்றலோடு படுத்திருப்பவரும் இரண்டு வாய் கஞ்சி குடிக்கத்தான் செய்வார். "கஞ்சி குடிக்கிறாரே, அவருக்கு என்ன?" என்று நாம் கேட்போமா?

நாய்க்கு வலித்தால் ஊளையிடும். பூனைக்கு வலித்தால் கத்தும். பாம்புக்கு வாய்விட்டு அழத் தெரியாது. முகத்தில் துன்பம் காட்டவும் தெரியாது. அதனால் அதற்குத் துன்பமே இல்லை என்று சொல்வது நமக்கு வசதி. அது நியாயம் ஆகாது.

இங்கிலாந்தில் உள்ள சர்வதேச ஊர்வன சங்கம், தான் நடத்தும் சந்தைகளில் சிலந்திப் பாம்பை விற்கக் கூடாது என்று 2018-ம் ஆண்டு முதல் தடை போட்டது. இத்தனைக்கும் அது பாம்பு வளர்ப்பவர்களின் சங்கம்! தாங்களே போட்ட கட்டுப்பாடு. இதைப் பாராட்ட வேண்டும்.

சிலந்திப் பாம்பு ஒன்றுதான் இப்படியா? இல்லை. "சாம்பெயின்", "வோமா" என்னும் வகைகளிலும் தலை ஆட்டம் உண்டு. "காரமெல்" என்ற வெளிர்மஞ்சள் வகையில் முதுகெலும்பு கோணிப் பிறக்கும் குட்டிகள் மிகுதி.

தாய்ப் பாம்பின் பாடு

நிறத்தின் கதை இது. தாயின் கதையையும் கேளுங்கள்.

பெண் பாம்பு முட்டை சுமக்கும் காலத்தில் சாப்பாட்டைக் குறைத்துவிடும். பல பாம்புகள் அடியோடு நிறுத்திவிடும். முட்டை இட்டு முடிக்கும்போது உடம்பு பாதியாக வற்றிப் போனது போல இருக்கும். காட்டில் இருக்கும் பாம்பு உடம்பு தேறாவிட்டால் அடுத்த ஆண்டு முட்டை இடாது. ஓய்வு எடுத்துக்கொள்ளும்.

பணம் பண்ண நினைப்பவர் அந்த ஓய்வைக் கொடுப்பது இல்லை. ஒவ்வோர் ஆண்டும் இணை சேர்க்கிறார். வளர்ந்து முடியாத இளம் பாம்பையும் சேர்க்கிறார். இப்படிச் செய்தால் என்ன ஆகும்?

முட்டை வயிற்றிலேயே சிக்கிக்கொள்ளும்! பாம்பு முக்கும், முட்டை வராது. கொழுத்துப் போன பாம்புக்கும், அசைய இடம் இல்லாமல் சிறு பெட்டியில் அடைபட்ட பாம்புக்கும், உடம்பு தேறாத பாம்புக்கும் இந்த ஆபத்து அதிகம். மிருக வைத்தியர் ஊசி கொண்டு முட்டைக்குள் இருப்பதை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பார். முடியாவிட்டால் ஆபரேஷன்தான். காலம் கடந்தால் தாய் செத்துப் போகும்.

முட்டைக்கும் ஆபத்து உண்டு. பந்துப் பாம்பின் முட்டை பொரிக்க 31, 32 டிகிரி சென்டிகிரேடு சூடு வேண்டும். வளர்ப்பவர்கள் முட்டையைத் தாயிடமிருந்து எடுத்துச் சூட்டுப் பெட்டியில் வைக்கிறார்கள். சூடு மிஞ்சிவிட்டால் கருவிலேயே முதுகெலும்பு கோணிப் போகும். பெட்டியின் சூட்டைக் கவனிக்காத ஒரு நாள் சோம்பல், ஒரு குட்டிக்கு ஆயுள் தண்டனை!

கண்ணுக்குத் தெரியாத பகை

பல பாம்புகள் ஒரே இடத்தில் இருந்தால் தொற்றுநோய்க்குக் கொண்டாட்டம்.

மலைப்பாம்புகளையும், தென் அமெரிக்காவின் போவாப் பாம்புகளையும் தாக்கும் ஒரு கொடிய நோய் உண்டு. 1970-களிலேயே இதைக் கண்டார்கள். நோய் கண்ட பாம்பு தின்ற இரையைக் கக்கும். தலையை அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடி கிடக்கும். புரண்டால் நிமிராது. பிறகு சாகும்.

இதற்குக் காரணமான வைரஸ் கிருமியை 2012-ம் ஆண்டில்தான் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவர்கள் கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ நகரப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள். இன்றுவரை இதற்கு மருந்து இல்லை.

இதில் மோசமானது என்ன தெரியுமா? போவாப் பாம்பு இந்தக் கிருமியைப் பல ஆண்டு சுமந்துகொண்டு, நோயே இல்லாதது போல இருக்கும். அதைக் குட்டி போட வைத்தால் கிருமி குட்டிகளுக்கும் போகும். அந்தக் குட்டிகளை வாங்கியவர் வீட்டுப் பாம்புகளுக்கும் போகும்.

2014-ம் ஆண்டில் இன்னொரு வைரஸ் கிருமியைப் பந்துப் பாம்புகளிடம் கண்டார்கள். இது மூச்சுக் குழாயையும் நுரையீரலையும் தாக்கும். பாம்பு வாயைத் திறந்து மூச்சு வாங்கும். வாயில் கோழை கட்டும். இதற்கும் மருந்து இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கிருமியால் தலை ஆடும் பாம்பும் உண்டு. பிறவியால் தலை ஆடும் பாம்பும் உண்டு. "இந்த வகை எப்போதும் ஆடும்" என்று பழகிவிட்டவர், கொள்ளை நோய் வந்த பாம்பையும் கவனிக்காமல் விட்டுவிடுவார். அதற்குள் நோய் பக்கத்துப் பெட்டிகளுக்குப் பரவிவிடும்!

வீட்டில் உள்ளவர்களுக்கு

பாம்பின் உடம்பு மட்டுமா? மனிதர் உடம்பையும் பார்க்க வேண்டும்.

பாம்பின் குடலில் "சால்மொனெல்லா" என்ற கிருமி இருக்கும். அது பாம்பை ஒன்றும் செய்யாது. மனிதனுக்கு வந்தால் பேதி, காய்ச்சல், வயிற்று வலி. கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் உயிருக்கே ஆபத்து வரலாம்.

கனடாவில் 2022 முதல் 2024 வரை இந்த நோய் பல மாகாணங்களில் பரவியது. காரணம், வீட்டுப் பாம்புகளும் அவற்றுக்குத் தீனியாகக் கொடுத்த எலிகளும்! ஒருவர் இறந்தார். பாம்பைத் தொடாதவர்கள் சிலரும் நோயில் விழுந்தார்கள். பாம்பு இருந்த வீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். அவ்வளவுதான்.

ஆகவே, பாம்பைத் தொட்டவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பாம்பின் தொட்டியைச் சமையல் அறையில் கழுவக் கூடாது. தீனி எலியைச் சாப்பாட்டுப் பண்டங்களோடு வைக்கக் கூடாது. பாம்புக்கு முத்தம் கொடுப்பது வேண்டவே வேண்டாம்! ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் பாம்பே வேண்டாம் என்பது டாக்டர்கள் யோசனை.

நம் நாட்டில்

"இது எல்லாம் வெளிநாட்டுக் கதை. நமக்கு என்ன?" என்று நினைக்காதீர்கள்.

நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வளர்ப்பது குற்றம். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. பந்துப் பாம்பு போன்ற வெளிநாட்டுப் பாம்பு வைத்திருப்பவர், அதைச் சர்க்காரிடம் பதிவு செய்ய வேண்டும்.

ஆனாலும் ஆசை யாரை விட்டது? சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த பந்துப் பாம்புகளைச் சுங்க அதிகாரிகள் பல தடவை பிடித்திருக்கிறார்கள். துணிகளுக்கு நடுவே, மூச்சு முட்ட, சிறு பைகளில் கட்டி வந்த குட்டிகள்! அவை எந்த நோயைச் சுமந்து வந்தன என்று யாருக்குத் தெரியும்?

நாய் விஷயத்திலும் இதே தவறு நடக்கிறது. சப்பை மூக்கு அழகு என்று ஒரு நாயை வாங்குகிறோம். அது ஆயுள் முழுவதும் மூச்சுக்குத் திண்டாடுகிறது.

என்ன செய்ய வேண்டும்?

பாம்பு வளர்ப்பதே பாவம் என்று நாம் சொல்லவில்லை. வீட்டில் பிறந்த குட்டிகளை விற்றால், காட்டில் பிடிப்பது குறையும். அது நல்லதுதான். சட்டம் அனுமதிக்கும் நாட்டில், முறையாக வளர்ப்பவர் வளர்க்கட்டும். ஆனால் சில கட்டுப்பாடுகள் வேண்டும்.

நோயோடு பிறக்கும் என்று தெரிந்த வகையை இணை சேர்க்கவே கூடாது. இதுதான் முதல் விதி. இருக்கிற பாம்புகளைச் சாகும்வரை அன்போடு பார்த்துக்கொள்ளட்டும். புதிதாகப் பிறக்க வைக்க வேண்டாம்.

தாய்ப் பாம்பு முழு வளர்ச்சி அடையும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு தடவை முட்டை இட்டால், உடம்பு தேறும்வரை ஓய்வு கொடுக்க வேண்டும்.

புதுப் பாம்பை மூன்று மாதமாவது தனி அறையில் வைக்க வேண்டும். அதற்குத் தனித் தண்ணீர்க் கிண்ணம், தனி இடுக்கி. மற்றப் பாம்புகளைப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் அதனிடம் போக வேண்டும். செதில்களுக்கு இடையே கறுப்பாக உண்ணிகள் ஊர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இணை சேர்க்கும் முன் மிருக வைத்தியரிடம் காட்டிக் கிருமிச் சோதனை செய்ய வேண்டும்.

விற்கிறவர், நோய் உள்ள வகை என்றால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானவர் வாங்குகிறவர்! கேட்பவர் இருப்பதால்தான் விற்கிறார்கள். "இந்த நிறம் வேண்டும்" என்று ஒருவர் கேட்டால், எங்கோ ஒரு பெட்டியில் இன்னும் பத்துக் குட்டிகள் பொரிக்கும். அவற்றில் பாதி, தலை சுற்றியபடியே முட்டையை விட்டு வெளியே வரும்.

"நிறம் இருக்கட்டும், உடம்பு எப்படி?" என்று வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கட்டும். அந்தக் கேள்வியைக் கேட்டால் சந்தை தானாகத் திருந்தும்.

பாம்பு தானாக வந்து நம் வீட்டில் குடியேறவில்லை. நாம்தான் பிடித்து வந்தோம். நாம்தான் இணை சேர்த்தோம். பிறந்த குட்டிக்கு நேராகத் தலை நிமிர்த்தும் உடம்பையாவது கொடுக்க வேண்டாமா?